மண்டபத்துக்கு ஒரு வழி, காதுக்கு ஒரு வழி

ஒரு பாடல் மண்டபத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாடலைத் தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஓடவிட்டு, அதன் வேகத்தையும் தொடங்கவேண்டிய இடத்தையும் சரிபார்த்துக்கொண்டு, உரிய கணத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதே டிஜேயின் தொழிலுக்கு அடிப்படையாகும். இவ்வாறு தனியாகக் கேட்டுப் பார்ப்பதைத் தொழிலில் உள்ளவர்கள் கியூ என்பார்கள். இந்த அத்தியாயம் அதனை முன்கேட்பு என்று வழங்கும். முன்கேட்புக்கு இன்றியமையாதது, ஒரே கருவியிலிருந்து ஒன்றோடொன்று கலக்காத இரண்டு ஒலிவழிகள் புறப்படுவதாகும். முன்பு இரண்டு சுழல்மேசைகளும் ஒரு மிக்ஸரும் செய்த இந்த வேலை, இப்போது ஒரு பையில் அடங்கிவிடும் டேப்லெட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் டேப்லெட்டை வடிவமைத்தவர்கள் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் விரும்பும் ஒரு தனி மனிதரையே மனத்தில் கொண்டிருந்தார்கள் என்பதால், அது தானாகத் தருவது ஒரே ஓர் ஒலிவழியைத்தான். அந்த ஒன்றை இரண்டாக்குவதற்கு எத்தனை உபாயங்கள் உண்டு, அவற்றில் எது எங்கே கைவிடும் என்பவற்றை ஒலியியலும் மின்னியலும் செவியின் இயல்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இந்தச் சிக்கலுக்கு ஒரு சிறுநகரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இலங்கையில், கட்டுகஸ்தோட்டையில் தொடங்கிக் குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் ஏ10 வீதியில், கண்டி மலைநாடு வடமேல் சமவெளியை நோக்கி இறங்கும் கணவாயில் கலகெதர அமைந்திருக்கிறது. சிங்களமும் தமிழும் புழங்கும் இத்தகைய சிறுநகரங்களின் கலியாண மண்டபங்களில் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் அவற்றை இயக்கும் அம்ப்பும் வாடகைக்கு வந்துவிடும். பாடல்களைத் தொடுத்துத் தருபவர் பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ கொண்டுவரக்கூடிய அளவில் தம் கருவியை வைத்துக்கொள்ள விரும்புவார். பெட்டிகளின் சொந்தக்காரர் ஒருவர், பாடல் தருபவர் இன்னொருவர் என்ற இந்தப் பிரிவினையே டேப்லெட்டின் ஒலி வெளியீட்டைச் சிக்கலாக்குகிறது. முன்பின் அறியாத ஒரு மிக்ஸரின் முன்னால் நின்று, கையிலுள்ள வயர்களைக்கொண்டே இரண்டு வழிகளையும் அமைத்துக்கொள்ளவேண்டிய நிலை அங்கே உருவாகிறது.

முன்கேட்பு நடன மன்றங்களில் பிறந்ததாகப் பலரும் கருதினாலும் அதன் தொட்டில் வானொலிக் கலையகமே. இலங்கையில் வானொலியின் தொடக்கமே இசைத்தட்டோடு கூடியது: 1923இல் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பரும் அவரோடு பணியாற்றியவர்களும், கைப்பற்றப்பட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக்கொண்டு அமைத்த சிறிய ஒலிபரப்பியின் மூலம், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையிலிருந்து கிராமபோன் இசையை வானில் ஏற்றினார்கள், 1925 டிசம்பரில் அது முறையான சேவையாயிற்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் கண்டிக்கு வந்து பேராதனைப் பூங்காவில் அமைந்தபின், அந்தப் படையினருக்காக இயங்கிய வானொலியின் கருவிகள் போர் முடிந்து இலங்கை அரசின் கைக்கு மாறின. 1949இல் உருவாகித் தென்னிந்தியத் தமிழரையும் கட்டிப்போட்ட இலங்கை வானொலி அந்த அடித்தளத்தின்மீது எழுந்ததாகும். இத்தகைய கலையகங்களில் அறிவிப்பாளர் பேசி முடித்த அந்தக் கணமே பாடல் எழவேண்டுமானால், ஊசியைப் பாடலின் முதல் ஒலி வரும் இடத்துக்குக் கொண்டுசென்று, தட்டைச் சிறிது பின்னோக்கிச் சுழற்றி, அங்கேயே நிறுத்தி வைத்திருக்கவேண்டும். நேயர் கேட்காமல் இதைச் செய்வதற்காக, ஒலிபரப்புக்குச் செல்லாத ஒரு பக்கவழி ஹெட்போனுக்கோ சிறிய ஒலிபெருக்கிக்கோ விடப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் ஒரு தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன் ஆகும் என்பதால், அரைச் சுற்றுத் தவறினாலும் நேயருக்கு ஏறத்தாழ ஒரு செக்கன் மௌனம் கேட்டுவிடும்.

இந்த வழக்கத்தை நியூயோர்க்கின் நடன மன்றங்கள் 1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் எடுத்துக்கொண்டன. அலெக்ஸ் ரோஸ்னர் என்ற ஒலிப் பொறியியலாளர் 1971 வாக்கில் ஹேவன் என்ற மன்றத்துக்காக அமைத்துக்கொடுத்த மிக்ஸர் அதன் சிவப்பு நிறத்தால் ரோஸி என்று பெயர்பெற்றது. எந்தத் தட்டையும் மண்டபத்துக்கு அனுப்பாமல் ஹெட்போனில் கேட்க அது இடம் தந்தது. தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்ற டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், கையிலிருந்த மிக்ஸரில் அந்த வசதி இல்லாததால், ஒருமுனை இருவழிச் சுவிட்ச் ஒன்றைத் தாமே பொருத்தி இரண்டு தட்டுகளில் எதையும் காதில் கேட்கும் வழியை அமைத்துக்கொண்டார். மலிவாகக் கிடைக்கும் ஒரு சுவிட்ச் செய்த அந்த வேலையைத்தான், நுண்செயலியும் நினைவகமும் நிறைந்த இன்றைய கருவி ஒரு துணை வயர் இல்லாமல் செய்ய மறுக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, டேப்லெட்டில் ஓடும் டிஜே செயலியிலேயே வேகத்தை ஒத்திசைக்கும் பொத்தான் இருக்கிறதே என்ற கேள்வி இயல்பானது. ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜேர்மனியின் அல்கோரிதிம் நிறுவனம் அதற்கான டிஜே செயலியை வெளியிட்டது முதல், பாடலின் தாளவேகத்தைக் கணக்கிட்டு இரண்டு பாடல்களையும் தானாக இணைக்கும் வசதி இத்தகைய செயலிகளின் முதன்மை விளம்பரமாக இருந்துவருகிறது. கணினியில் அடுக்கப்பட்ட தாளத்துக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கண்டிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் ஓர் இரவில் ஒலிப்பது அத்தகைய இசை மட்டுமன்று. போர்த்துக்கேயர் காலத்துக் கஃபிரிஞ்ஞா இசையை வேராகக் கொண்டு, பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் 1940களில் சிங்களப் பாடல்வடிவமாக்கிய பைலா, ஆறு-எட்டுத் தாளத்தில் அமைந்தது. அதாவது, ஒரு சுற்றில் ஆறு சிறு அடிகள் உண்டு, அவற்றை மூன்று மூன்றாகச் சேர்த்தால் இரண்டு பெரிய அடிகளும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று அடிகளும் கிடைக்கும். பெரிய அடி நிமிடத்துக்கு 80 ஆக இருக்கும் ஒரு பைலாவில் சிறு அடிகள் 240 ஆகும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணும் செயலி அதன் வேகத்தை 120 என்று காட்டும். 120 வேகமுள்ள ஒரு சினிமாப் பாடலுடன் அதனை ஒத்திசைத்துவிட்டதாகச் செயலி பெருமையோடு அறிவிக்கும் நேரத்தில், ஆடுபவர்களின் கால்கள் 80இலிருந்து 120க்குத் தாவமுடியாமல் தடுமாறும்.

சினிமாப் பாடல்களிலும் தொல்லை உண்டு. 1992இல் வெளிவந்த ரோஜாவுக்குப் பிறகு கணினியில் தாளம் அடுக்கும் முறை பரவலாகும் வரை, தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் வாத்தியக் குழுவினர் கலையகத்தில் கூடியிருந்து வாசித்தவையே; பல்லவியிலிருந்து சரணத்துக்குச் செல்லும்போது வேகம் சற்றுக் கூடும், மெல்லிய இடங்களில் குறையும். அந்த அசைவுதான் அப்பாடல்களுக்கு உயிர் என்றாலும், ஒரே வேகத்தை எதிர்பார்க்கும் கணக்குக்கு அது பிடிபடுவதில்லை. நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாடலில் இரண்டு அடிகளுக்கு இடையே 500 மில்லிசெக்கன் இருக்கும். 121 அடி உள்ளதில் 496 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இவ்விரண்டையும் ஒரே கணத்தில் தொடங்கினால், 4 செக்கனில் ஏறத்தாழ 33 மில்லிசெக்கனும் 8 செக்கனில் 66 மில்லிசெக்கனும் விலகிவிடும். ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கான இந்த விலகலே இரண்டு முரசுகள் முன்பின்னாக அடிபடுவதாகக் காதுக்குத் தெரியத் தொடங்கும் எல்லையாகும். ஆகவே கணினித் தாளம் ஒலிக்கும் இபிசா தீவின் நடன மன்றத்தைவிடக் கலகெதரவின் கலியாண மண்டபத்தில்தான் காதால் சரிபார்ப்பது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் மண்டபமுமாக நிற்கும் டிஜே செய்வதைச் செவிப்புலன் ஆய்வு வேறொரு பெயரில் அறிந்திருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கொலின் செரி 1953இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவரின் இரண்டு காதுகளுக்கும் வெவ்வேறு பேச்சுகளை ஒரே நேரத்தில் அனுப்பி, ஒன்றை மட்டும் திரும்பச் சொல்லும்படி கேட்டார். இரண்டும் ஒரே காதில் கலந்து வந்தபோது மிகவும் திணறியவர்கள், காதுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தபோது எளிதாகச் செய்தார்கள். கவனிக்காத காதில் குரல் ஆணிலிருந்து பெண்ணுக்கு மாறியதை உணர்ந்தாலும், அதில் என்ன பேசப்பட்டது என்பதை அவர்களால் பெரும்பாலும் சொல்ல முடியவில்லை. மூளை இரண்டு ஒலிகளையும் சமமாகக் கவனிப்பதில்லை என்பதையும், ஆனால் காதுவழியாகப் பிரிந்து வந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கவனத்தை விரைவாக மாற்றிக்கொள்ளும் என்பதையும் இது காட்டுகிறது. டிஜேயின் பயிற்சி என்பது, பாடலின் சொற்களை விட்டுவிட்டு அடிகளின் முன்பின்னை மட்டும் பற்றிக்கொள்ளக் காதைப் பழக்குவதே.

அந்த முன்பின்னை அளப்பதில் மண்டபமே ஒரு பொறி வைக்கிறது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் செல்லும். வெப்பம் ஒரு பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். முன்வரிசையில் இருக்கும் பெட்டிகளிலிருந்து 15 மீற்றர் பின்னால், மண்டபத்தின் மூலையில் மேசை போட்டு நிற்பவருக்கு ஒலி 43 மில்லிசெக்கன் பிந்தியே வந்து சேரும். ஹெட்போனில் வரும் அடுத்த பாடலோ கிட்டத்தட்ட உடனே கேட்கும். இரண்டையும் தம் காதில் ஒன்றாக்குபவர், உண்மையில் இரண்டாவது பாடலை 43 மில்லிசெக்கன் பிந்தி ஓடவிடுகிறார். அது பெட்டிக்குச் சென்றதும் அந்தப் பிழை மண்டபம் முழுவதற்கும் கேட்கிறது. கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் நீண்ட வரிசையாகச் செல்லும் மேளக்காரர்கள் தொலைவில் உள்ள குழுவைக் கேட்டு அடிக்காமல் தங்கள் அருகில் உள்ளவரைக் கேட்டே அடிப்பது இதே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டதாகும்.

இதற்கு இரண்டு மாற்றுகள் உண்டு. மேசைக்கு அருகிலேயே ஒரு சிறிய பெட்டியை வைத்து அதையே மண்டபமாகக் கருதிக் கேட்கலாம். பெட்டி கிடைக்காத இடத்தில், பெரும்பாலான செயலிகளில் உள்ள ஒரு நழுவுகுமிழைப் பயன்படுத்தி, மண்டபத்துக்குப் போகும் பாடலையும் அடுத்த பாடலையும் ஹெட்போனுக்குள்ளேயே சேர்த்துக் கேட்கலாம். இரண்டும் கருவிக்குள் ஒரே இடத்திலிருந்து ஒரே தாமதத்தோடு வருவதால் அளவு பிழைக்காது. அனுபவசாலிகள் முதல் முறையை விரும்பினாலும், வாடகைப் பெட்டிகளை நம்பி நிற்பவருக்கு இரண்டாவதே கை கொடுக்கும்.

இனி வயருக்கு வரலாம். டேப்லெட்டின் 3.5 மில்லிமீற்றர் ஜாக் அல்லது அதற்குப் பதிலாக மாட்டப்படும் யூஎஸ்பி-சி மாற்றி, ஸ்டீரியோ எனப்படும் இரண்டு சனல்களைத் தருகிறது. செருகியின் நுனி இடது சனலையும், அதன்பின் உள்ள வளையம் வலது சனலையும், அடிப்பகுதியான உறை இரண்டுக்கும் பொதுவான திரும்புவழியையும் தாங்குகின்றன. ஒலிவாங்கி உள்ள செருகிகளில் இன்னொரு வளையம் கூடும். இடது, வலது என்று இசைக்காக ஒதுக்கப்பட்ட இந்த இரண்டு தடங்களையும் வேறு பணிக்குத் திருப்பிவிடுவதே மிக மலிவான உபாயம்: செயலியில் வெளியீட்டைப் பிரிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், மண்டபத்துக்கான ஒலி முழுவதும் மோனோவாகச் சுருங்கி ஒரு சனலிலும், முன்கேட்பு மோனோவாகி மற்றச் சனலிலும் வரும். டிஜே பிளவுவயர் என்று விற்கப்படும் வயர், நுனியில் வருவதை ஒரு துளைக்கும் வளையத்தில் வருவதை மறு துளைக்கும் கொண்டுசென்று, ஒவ்வொரு துளையிலும் இரண்டு காதுகளுக்கும் ஒரே ஒலியைப் பகிர்ந்து கொடுக்கிறது. 2019இல் வெளிவந்த பயனியர் டிடிஜே-200 என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை, தனக்குள் எந்த ஒலிச்சுற்றும் இல்லாமல் இத்தகைய வயரையே நம்பி வடிவமைக்கப்பட்டது.

கடைவீதியில் மலிவாகக் கிடைக்கும் வை-வடிவ வயர் பார்வைக்கு இதைப் போலவே இருந்தாலும் அது வேறு பிறவி. இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்காகச் செய்யப்பட்ட அது, இடதையும் வலதையும் அப்படியே இரண்டு துளைகளுக்கும் அனுப்புகிறது. ஆகவே மண்டபத்தின் இடதுபக்கப் பெட்டியில் ஓடும் பாடலும் வலதுபக்கப் பெட்டியில் இன்னும் தொடங்காத அடுத்த பாடலும் ஒரே நேரத்தில் அலறும். உரிய வயர் கிடைக்காவிட்டால், ஒரு 3.5 மில்லிமீற்றர் செருகியிலிருந்து சிவப்பு, வெள்ளை என இரண்டு ஆர்சிஏ முனைகளாகப் பிரியும் சாதாரண வயரே போதும்: வெள்ளை இடது, சிவப்பு வலது என்பதால், ஒன்றை மிக்ஸரின் ஒரு மோனோ உள்ளீட்டிலும் மற்றதை ஹெட்போனுக்கான மாற்றியிலும் செருகலாம். மிக்ஸரில் அந்த உள்ளீடு நடுநிலையில் வைக்கப்படாவிட்டால் மண்டபத்தின் ஒரு பக்கம் மட்டுமே பாடும் என்பதும், மாற்றி மோனோ வகையாக இருந்தால் ஹெட்போனின் ஒரு காது மட்டுமே கேட்கும் என்பதும் நினைவில் இருக்கவேண்டியவை.

மோனோவாக்குவதற்கு ஒரு விலை உண்டு. இடதும் வலதும் கூட்டப்படும்போது, இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் குரலும் மத்தளமும் வலுக்கும். ஒன்றில் மேலேறும் அலை மற்றதில் கீழிறங்கும்படி பதிவான ஒலிகள், விரிவு காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட எதிரொலிகள் போன்றவை, ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்துவிடும். ஆயினும் பெட்டிகள் சுவருக்குச் சுவர் விலகி நிற்கும் மண்டபத்தில் இரண்டுக்கும் நட்டநடுவே அமர்ந்திருப்பவர் சிலரே. மற்றவர்களுக்கு ஸ்டீரியோ என்பது பாதிப் பாட்டு என்றே பொருள்படும். மோனோ என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

பிளவுவயரின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு வழிகளும் ஒரே உறையைத் திரும்புவழியாகக் கொண்டிருப்பதால், அங்கே தேய்ந்த தொடுகையால் அரை ஓம் தடை ஏற்பட்டாலும், 32 ஓம் கொண்ட ஹெட்போனின் இரண்டு காதுகளும் பக்கஇணைப்பில் 16 ஓமாக நிற்க, முன்கேட்பின் அழுத்தத்தில் ஏறத்தாழ 3 வீதம் மண்டபத்து வழியில் கசியும். டெசிபெல் கணக்கில் அது 30 டெசிபெல் தாழ்ந்தது. பாட்டு ஓடும்போது மறைந்துவிடும், ஆனால் மணமக்களை வாழ்த்திப் பேசுவதற்காக இசை நிறுத்தப்பட்ட இடைவெளியில் கிசுகிசுப்பாக வெளிப்படும். டேப்லெட்டின் அணுகல் வசதிகளில் உள்ள மோனோ ஒலி என்ற தெரிவு முடுக்கப்பட்டிருந்தால் நிலைமை இதைவிட மோசமாகும். கேட்டல் குறைந்தவர்களுக்காக அமைந்த அந்த வசதி இரண்டு சனல்களையும் ஒன்றாக்கிவிடுவதால் முன்கேட்பு முழுவதும் பெட்டிக்குப் போய்விடும். ஒலியை அகலப்படுத்திக் காட்டும் அலங்கார வசதிகளும் இதே கலப்பைச் செய்யக்கூடியவை.

இக்குறைகள் எல்லாம் நீங்கவேண்டுமானால் நான்கு சனல்கள் வேண்டும்: மண்டபத்துக்கு ஸ்டீரியோவாக இரண்டு, ஹெட்போனுக்கு ஸ்டீரியோவாக இரண்டு. இதற்கென உள்ள வெளிச் சவுண்ட் கார்ட், யூஎஸ்பி வழியாக எண்களாக வரும் ஒலியைத் தன்னிடத்தில் மின்னழுத்தமாக மாற்றுகிறது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட், நான்கு சனல்கள் என்று பெருக்கினால் செக்கனுக்கு 42 இலட்சம் பிட்டுகளுக்குச் சற்று மேல் வரும். யூஎஸ்பியின் பழைய முழுவேக முறையே செக்கனுக்கு 120 இலட்சம் பிட்டுகளைக் கடத்தவல்லது என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கென ஒரு பொதுத்தரம் வகுக்கப்பட்டிருப்பதால், அதனைப் பின்பற்றும் கருவிக்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை. 2010இல் ஒளிப்படக் கருவிகளை இணைப்பதற்கென்று ஐபேட்டுக்கு விற்கப்பட்ட மாற்றி, இத்தகைய ஒலிக்கருவிகளையும் ஏற்றுக்கொண்டது. அன்ட்ரொய்ட் 2014இல் வந்த 5.0 பதிப்பு முதல் யூஎஸ்பி ஒலியை ஏற்கத் தொடங்கியது. ஆனால் சில அன்ட்ரொய்ட் கருவிகள் நான்கு சனல் கார்டையும் இரண்டு சனலாகவே காண்பதால், வாங்குமுன் அதே செயலியோடும் அதே டேப்லெட்டோடும் இணைத்துப் பார்ப்பது நல்லது.

சிக்கல் துளைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 2018 ஐபேட் ப்ரோவிலிருந்து தொடங்கி 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட்டுக்குள் ஹெட்போன் துளை அவ்வரிசை முழுவதிலும் புதிய மாதிரிகளை விட்டு நீங்கியது. மின்னேற்றத்துக்கும் ஒலிக்கும் ஒரே துளை எஞ்சியது. நான்கு மணிநேர நிகழ்ச்சிக்கு இரண்டும் வேண்டும் என்பதால், சார்ஜரையும் சவுண்ட் கார்டையும் ஒருசேர ஏற்கும் ஹப் தேவைப்படுகிறது. டேப்லெட் தன் துளை வழியாகக் கொடுக்கும் மின்சாரம் வரையறைக்கு உட்பட்டது. அதற்குமேல் கேட்கும் கார்டை அது ஏற்க மறுக்கும். சொந்த மின்வழங்கி உள்ள கார்ட் இந்த வம்பிலிருந்து தப்பும், ஆனால் பையின் எடை கூடும்.

வயரே வேண்டாம், புளூடூத் போதும் என்று நினைப்பவர்களுக்கு எண்களே விடையளிக்கும். குறுவட்டுத் தர ஸ்டீரியோ ஒலிக்குச் செக்கனுக்கு 1,411 கிலோபிட் வேண்டும். புளூடூத்தின் வழக்கமான எஸ்பிசி முறை அதை ஏறத்தாழ 330 கிலோபிட்டுக்குள் சுருக்குகிறது. சுருக்குவதற்கும், பொட்டலங்களாகக் கட்டுவதற்கும், காற்றில் தொலைந்தவற்றை மறுபடி அனுப்புவதற்கும், வந்தவற்றைச் சேமித்து வைத்து விரிப்பதற்கும் சேர்ந்து 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை தாமதம் ஆவது வழமை. அடிக்கு 500 மில்லிசெக்கன் உள்ள பாட்டில் 200 மில்லிசெக்கன் என்பது கிட்டத்தட்ட அரை அடியாகும். அத்தகைய ஹெட்போனால் மண்டபத்தோடு ஒத்துப் பார்ப்பது நடவாத காரியம். வயர்வழி அமைப்பில், 256 மாதிரிகளை ஒரு கட்டாக அனுப்பும் கார்ட் அந்தப் படியில் ஏற்படுத்தும் தாமதம் 6 மில்லிசெக்கனுக்கும் குறைவு, அதாவது பெட்டியிலிருந்து 2 மீற்றர் விலகி நிற்பதற்குச் சமம். மண்டபத்துப் பெட்டியை மட்டும் புளூடூத்தில் இணைத்து ஹெட்போனை வயரில் வைக்கலாம் என்ற யோசனையும் நிலைக்காது. பொதுவாக டேப்லெட்டின் இயங்குதளம் ஒரு நேரத்தில் ஒரு வெளியீட்டையே தேர்ந்தெடுக்கும்.

எல்லாம் சரியாக இணைந்தபின் பெட்டியிலிருந்து எழும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இலங்கையின் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் குரலாகும். சார்ஜர் ஒரு செருகித்துளையிலும் அம்ப் தொலைவில் உள்ள இன்னொன்றிலும் இணைக்கப்பட்டு, டேப்லெட்டிலிருந்து மிக்ஸருக்குச் செல்லும் ஒலிவயரின் உறை அவ்விரண்டையும் தொடுக்கும்போது, புவியிணைப்புகளுக்கு இடையிலான சிறு அழுத்த வேறுபாடு அந்த உறை வழியே மின்னோட்டமாகப் பாய்ந்து, 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலியாகிறது. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் காரணம் அதுவே. உருண்டை முள் செருகிகளும் சதுர முள் செருகிகளும் கலந்து கிடக்கும் பழைய மண்டபங்களில் புவிமுள்ளை எட்டாத மாற்றிகளைக்கொண்டு இரைச்சலை 'நீக்குபவர்கள்' உண்டு. உலோக உடலுள்ள அம்ப்பில் பழுது நேர்ந்தால் அந்த வித்தை உயிரைக் குடிக்கும். முறையான வழி, ஒலியைக் காந்தப்புலம் மூலமாக மட்டும் கடத்தி மின்தொடர்பை அறுக்கும் சிறு மின்மாற்றியை ஒலிவயரில் இடுவதே. நீண்ட வயருக்குச் சமநிலை முறை உதவும்: ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்பப்பட்டு, மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்படும்போது, வழியில் இரண்டிலும் ஒரே அளவில் ஏறிய இரைச்சல் தானே நீங்கிவிடும். நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட 2022 மார்ச் இறுதி போன்ற காலத்தில், மின்கலத்தில் ஓடும் டேப்லெட் இரைச்சலில்லாத மூலமாகவும் இருந்தது என்பது அதற்கு வாய்த்த எதிர்பாராத சிறப்பு. அம்ப்புக்கு ஜெனரேட்டர் வேண்டியிருந்தது வேறு கதை.

ஒலியின் அளவில் டிஜேயின் காதே முதலில் ஆபத்துக்கு உள்ளாகிறது. மூடிய வகை ஹெட்போன் வெளியொலியை ஓரளவே தடுப்பதால், மண்டபம் உரத்துப் பாடப்பாட முன்கேட்பும் உரக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஒலியில் 8 மணிநேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பதால் 94இல் ஒரு மணிநேரமும் 100இல் 15 நிமிடமுமே எஞ்சும். இசை நிகழும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் தரம் வகுத்தது. அண்டை வீட்டாரின் காதைப் பொறுத்தவரை, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதை இலங்கையின் உயர் நீதிமன்றம் 2007இல் பொது விதியாகத் தடுத்தது.

விருந்தினர் வருமுன் செய்யவேண்டிய சோதனை எளியது. ஒன்றோடொன்று சற்றும் ஒவ்வாத இரண்டு பாடல்களை, ஒன்றை மண்டபத்துக்கும் மற்றதை முன்கேட்புக்குமாக ஓடவிட்டு, முதலாவதை நிறுத்தியபின் பெட்டியருகே சென்று இரண்டாவதன் கசிவு கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். முழு அளவில் கேட்டால் முனைகள் இடம் மாறியிருக்கின்றன, மெலிதாகக் கேட்டால் செருகி தேய்ந்திருக்கிறது. அடுத்து விமானப் பயண முறையை முடுக்கிவிட்டால், அழைப்பின் மணியோசையும் செய்திகளின் ஒலியும் மண்டபத்துக்குப் போகாது; பாடல்கள் எல்லாம் கருவியிலேயே சேமிக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது இதன் மறுபக்கம். சோதனை முடிந்தபின் இரண்டு முனைகளிலும் வெவ்வேறு நிறநாடா ஒட்டி, வயரைச் சற்றுத் தளர்வு விட்டு மேசைக்காலில் கட்டிவைத்தால், ஆட்டக் களைப்பில் மேசையில் வந்து சாய்பவரால் செருகி கழன்றுவிடாது.